அணைச்சிடலாமா, விட்டுவைக்கலாமா? – கம்ப்யூட்டர் கேள்வி பதில்

போன இதழ்ல போற போக்குல "பிரவுசர்ல வேண்டாத பிளக்இன், எக்ஸ்டென்ஷன் எல்லாத்தையும் அணைச்சு வைங்க"ன்னு ஒரு வரி எழுதிட்டேன் (பிரவுசரோட நாம தனியா சேத்துக்கிற கூடுதல் சாஃப்ட்வேருங்கதான் இதெல்லாம்), அவ்ளோதான், தபால்லயும் மெயில்லயும் வாட்ஸ்அப்லயும் பிடிச்சுக்கிட்டீங்க. வேண்டாததுன்னா எது, அதை யாரு முடிவு பண்றதுன்னு கேட்டவங்கதான் ஜாஸ்தி. நியாயமான கேள்விதான். அதனால இந்தத் தடவை பிரிண்டர் தகராறு, வைஃபை தகராறு எல்லாத்தையும் ஓரமா வெச்சுட்டு இது மட்டும்.

கேள்வி: ஆடிட்டர் ஆபீஸ் ஒண்ணுல பதினோரு வருஷமா வேலை பாக்குறேன். எங்ககிட்ட ஒரு பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் இருக்கு. டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் சொருகி கையெழுத்து போடுறதுக்குன்னே அதுல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் ஜாவாவும் போட்டு வெச்சிருக்கோம். ஜாவா ஆபத்து, எடுத்துடணும்னு புதுசா சேர்ந்த பையன் சொல்றான். சார் "ஓடுற மிஷின்ல கைய வைக்காதே"ங்கிறார். யாரு சொல்றதைக் கேக்குறது? – ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பையன் சொல்றதைத்தான் கேக்கணும், ஆனா 19ஆம் தேதி கேக்காதீங்க. மறுநாள் ஜிஎஸ்டிஆர்-3பிங்கிற மாசாந்திர ஜிஎஸ்டி படிவத்துக்குக் கடைசி நாளா இருக்கும், அன்னிக்கு ஜாவாவை எடுத்து ஏதாவது ஒண்ணு ஓடாமப் போச்சுன்னா பையனுக்கும் வேலை இருக்காது, எனக்கும் உங்க சார்கிட்டேருந்து ஒரு கடிதம் வரும்.

முதல்ல ஒண்ணு தெளிவாயிடுச்சுன்னா மீதி சுலபம். கம்ப்யூட்டர்ல ஜாவா இருக்கிறது வேற, பிரவுசருக்குள்ள ஜாவா ஓடுறது வேற. கம்ப்யூட்டர்ல நீங்களா திறக்குற ஒரு சாஃப்ட்வேர் ஜாவாவுல எழுதியிருந்தா அது பாட்டுக்கு இருக்கட்டும், நீங்க கூப்பிட்டாத்தான் வரும். பிரவுசர் பிளக்இன் அப்படி இல்ல, நீங்க ஒரு பக்கத்தைத் திறந்தாலே போதும், அந்தப் பக்கம் வெச்சிருக்கிற ஜாவா புரோக்ராமை, அதாவது ஆப்லெட்டை, உங்க மிஷின்ல ஓட்டுறதுதான் அதோட வேலையே. 1995ல இது வந்தப்ப பெரிய அதிசயமாப் பேசினாங்க. ஆப்லெட் வேலிக்குள்ளதான் ஆடும், வேலியைத் தாண்டி உங்க ஃபைலைத் தொடாதுன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. வேலியில ஓட்டை விழுந்தா என்ன ஆகும்ங்கிறதுதான் பின்னாடி நடந்த கதை.

2012ல ஃப்ளாஷ்பேக்னு ஒரு வைரஸ், ஜாவா ஓட்டை வழியாத்தான் வந்துச்சு, ஆப்பிள் மேக்ல வைரஸே வராதுன்னு மார்தட்டிக்கிட்டு இருந்தவங்களோட கம்ப்யூட்டர் ஆறு லட்சத்துக்கு மேல பிடிச்சுது. அடுத்து 2013 ஜனவரியில இன்னொரு ஓட்டை, அதை அடைக்க ஜாவாவோட சொந்தக்கார கம்பெனி ஆரக்கிள்கிட்ட அப்டேட் வர்றதுக்கு முன்னாடியே திருட்டுப் பசங்க கையில சரக்கு வந்துடுச்சு. அமெரிக்க அரசோட உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே பிரவுசர்ல ஜாவாவை அணைச்சு வைங்கன்னு சொல்லுச்சு. ஆரக்கிள் சில நாள்லயே அவசரமா அப்டேட் விட்டாங்க, விட்டப்புறமும் அந்தத் துறை "கண்டிப்பாத் தேவைன்னா ஒழிய அணைச்சே வைங்க"ன்னுதான் சொன்னாங்க, ஏன்னா இன்னிக்கு இந்த ஓட்டையை அடைச்சா நாளைக்கு வேற எடத்துல விழும்னு அதுக்குள்ள எல்லாருக்கும் புரிஞ்சு போச்சு. அடுத்த மாசமே ஃபேஸ்புக், ஆப்பிள் மாதிரி கம்பெனிகளோட ஆளுங்க கம்ப்யூட்டரே ஜாவா ஓட்டை வழியா மாட்டுச்சுன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. அங்கேயே அந்த கதின்னா நம்ம ஆபீஸ் எம்மாத்திரம்.

அப்புறம் ஒவ்வொருத்தரா கையைக் கழுவிட்டாங்க. குரோம் 2015ல ஜாவா பிளக்இன்னை நிறுத்துச்சு, ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்ல, ஆரக்கிளே 2018ல ஜாவா 11ல அந்த பிளக்இன்னைத் தூக்கிடுச்சு. மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை 2022 ஜூன் 15ல ஓய்வு பெற வெச்சுது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14லயே கதவைச் சாத்தியாச்சு. ஆக உங்க மிஷின்ல இருக்கிற மூணுமே, விண்டோஸ், பிரவுசர், பிளக்இன், மூணுமே கைவிடப்பட்டது. அதுல போய் கிளையன்ட்டோட கையெழுத்தை வெச்சிருக்கீங்க.

இது உங்க தப்பு இல்லம்மா. வெப்சைட் தானா போய் யுஎஸ்பி டோக்கன்ல இருக்கிற சாவியைத் தொட முடியாது, நடுவுல ஒரு ஆள் வேணும், அந்தக் காலத்துல அந்த நடு ஆளா ஜாவா ஆப்லெட்டை வெச்சாங்க, அதனால நம்ம ஊர்ல டிஜிட்டல் சிக்னேச்சர், டெண்டர்னு எங்க போனாலும் ஜாவா போடு, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் போடுன்னு சொல்லியே பழக்கிட்டாங்க. இப்ப அந்த ஏற்பாடு மாறிடுச்சு. ஜிஎஸ்டி போர்ட்டலை எடுத்துக்கோங்க, எம்சைனர்னு ஒரு சின்ன சாஃப்ட்வேரை கம்ப்யூட்டர்லயே போட்டுட்டா அது டோக்கன்கிட்ட பேசிக்கும், பிரவுசர் குரோமோ எட்ஜோ எதுவா இருந்தாலும் சரி, பிளக்இன்னே தேவையில்ல.

அதனால செய்ய வேண்டியது இது. ஒரு பேப்பர் எடுத்து, அந்த மிஷின்ல கடைசி மூணு மாசத்துல எந்தெந்த சைட்டுக்குக் கையெழுத்து போட்டீங்கன்னு எழுதுங்க, நினைவுல இருந்து எழுதாதீங்க, ஃபைல் பண்ண அக்னாலெட்ஜ்மென்ட்டைப் பார்த்து எழுதுங்க. ஒவ்வொண்ணா புது மிஷின்ல, புது பிரவுசர்ல, அவங்க சொல்ற சைனர் சாஃப்ட்வேரோட முயற்சி பண்ணிப் பாருங்க. எல்லாமே வந்துடுச்சுன்னா அந்தப் பழைய மிஷினுக்கு மாலை போட்டுடலாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் அடம் பிடிக்குதுன்னா முதல்ல எட்ஜ் பிரவுசர்ல ஐஇ மோடுன்னு ஒண்ணு இருக்கு, பழைய சைட்டை மட்டும் பழைய மாதிரி திறக்கும், 2029 வரைக்குமாவது வெச்சிருப்போம்னு மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்காங்க, அதுல பாருங்க.

அதுலயும் ஆகலைன்னா பழைய மிஷினை அந்த ஒரு சைட்டுக்குன்னு நேர்ந்து விட்டுடுங்க. மெயில் கிடையாது, யூடியூப் கிடையாது, பென்டிரைவ் கிடையாது, மதியம் சாப்பிடுறப்ப கிரிக்கெட் ஸ்கோர் கிடையாது. கன்ட்ரோல் பேனல்ல ஜாவாவைத் திறந்தா செக்யூரிட்டிங்கிற பக்கத்துல "பிரவுசர்ல ஜாவா ஓட விடு"ங்கிற மாதிரி ஒரு டிக் பாக்ஸ் இருக்கும், 2012 கடைசியில வந்த ஜாவா 7 அப்டேட் 10ல இருந்து அது இருக்கு, வேலை இருக்கிற அன்னிக்கு டிக் போடுங்க, முடிஞ்சதும் எடுத்துடுங்க. டோக்கனையும் அப்படியே, கையெழுத்து போட்ட உடனே கழட்டுங்க. இன்னொண்ணு, கேட்டா கோவிச்சுக்கக் கூடாது, கிளையன்ட் எல்லாரோட டோக்கனையும் ஒரு பிஸ்கட் டப்பாவுல போட்டு, ஒவ்வொண்ணு மேலயும் பின் நம்பரை ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டி வெச்சிருக்கீங்களா? நான் பார்த்த ஆபீஸ்ல பாதிக்கு மேல அப்படித்தான். அந்த ஸ்டிக்கரை இன்னிக்கே கிழிங்க, ஜாவாவை அடுத்த வாரம் பாத்துக்கலாம்.

கேள்வி: என் பொண்ணுக்கு ஒரு பழைய பாடம் சொல்லித்தர்ற சைட்டு, படம் அசையும், பாட்டு பாடும், ரொம்பப் பிடிக்கும். இப்ப திறந்தா "ஃப்ளாஷ் பிளேயர் அப்டேட் பண்ணவும்"னு வருது. பண்ணலாமா? – திருநெல்வேலி வாசகர்

பதில்: தொடாதீங்க. வெப்சைட்ல படத்தை அசைய வெச்ச ஃப்ளாஷ் பிளக்இன் செத்து வருஷக்கணக்காச்சு. அடோபி கம்பெனி 2017 ஜூலையிலயே தேதி குறிச்சு, 2020 டிசம்பர் 31ல நிறுத்தினாங்க, 2021 ஜனவரி 12ல இருந்து பிளேயரே தானா படத்தை ஓட்ட மாட்டேன்னுடும். செத்தவனுக்கு எங்கேருந்து அப்டேட் வரும்? அப்படி ஒரு பெட்டி வந்து குதிச்சா அதுக்குள்ள இருக்கிறது வேற ஏதோ ஒண்ணு. பழைய கம்ப்யூட்டர்ல ஃப்ளாஷ் இன்னும் மிச்சம் இருந்தா அன்இன்ஸ்டால் பண்ணிடுங்க, அடோபியே அதைத்தான் சொல்லுது.

ஃப்ளாஷை நம்பி மாட்டிக்கிட்டது நீங்க மட்டும் இல்ல. தென்னாப்பிரிக்காவோட வரித்துறை அவங்க படிவத்தை எல்லாம் ஃப்ளாஷ்ல செஞ்சு வெச்சிருந்தாங்க, மாத்தி முடிக்கிறதுக்குள்ள கெடு முடிஞ்சு போச்சு, என்ன பண்ணாங்க தெரியுமா, 2021 ஜனவரியில ஃப்ளாஷ் ஓடுற மாதிரி சொந்தமா ஒரு பிரவுசரையே செஞ்சு ஜனங்க கையில கொடுத்தாங்க. மூணரை வருஷம் அவகாசம் கொடுத்தும் இந்த நிலைமை.

பொண்ணுக்கு வழி இருக்கு. ரஃபிள்னு ஒண்ணு, ஃப்ளாஷ் மாதிரியே நடிக்கும், ஆனா பழைய ஃப்ளாஷோட புரோக்ராம் கோடு ஒரு வரி கூட அதுல கிடையாது, பிரவுசரோட வேலிக்குள்ளயே ஓடும். இன்டர்நெட் ஆர்கைவ் தளத்துல பழைய ஃப்ளாஷ் விளையாட்டு, அனிமேஷன் எல்லாம் 2020 நவம்பர்ல இருந்து அதை வெச்சுத்தான் ஓட்டுறாங்க. பொண்ணோட சைட்டு அங்க இருக்கான்னு தேடிப் பாருங்க, இல்லைன்னா அது மாதிரி நூறு இருக்கு, குழந்தைங்க ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க, நாமதான் மறக்க மாட்டோம்.

கேள்வி: சார், நான் கண்ட கண்ட சைட்டுக்குப் போற ஆள் கிடையாது. காலையில நாலு நியூஸ் பேப்பர், ரயில் டிக்கெட், பேங்க், அவ்வளவுதான். ரிட்டயர்டு ஆசாமி. எனக்கும் இதெல்லாம் பொருந்துமா? – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: நியூஸ் பேப்பர் படிக்கிறவருக்குத்தான் சார் முதல்ல பொருந்தும். ஒரு செய்தியைத் திறக்குறீங்க, செய்தி அவங்களோடது, ஓரத்துல வர்ற விளம்பரம் அவங்களோடது இல்ல. விளம்பரத்துக்கான எடத்தை ஒரு நெட்வொர்க்குக்கு விடுறாங்க, அவங்க இன்னொருத்தருக்கு, அவங்க இன்னொருத்தருக்கு, கடைசியில காசு கொடுத்து எடம் பிடிச்சவன் யாருன்னு பேப்பர்காரருக்கே தெரியாது. 2015ல யாஹூவோட விளம்பர நெட்வொர்க்லயே இப்படி நுழைஞ்சிருக்கானுங்க, 2016 மார்ச்ல நியூயார்க் டைம்ஸ், பிபிசி மாதிரி தளங்கள்ல வந்த விளம்பரம் வழியாவும் நடந்திருக்கு. நீங்க விளம்பரத்தை கிளிக் கூட பண்ண வேண்டாம். அது பின்னாடி மறைவா ஒரு பக்கத்தைத் திறந்து, இவர்கிட்ட என்ன பிளக்இன் இருக்கு, எந்த வெர்ஷன்னு நோட்டம் விடும், பழைய ஃப்ளாஷ் இருக்கா, ஃப்ளாஷ் மாதிரியே மைக்ரோசாஃப்ட் செஞ்ச பழைய சில்வர்லைட் இருக்கா, இருந்தா அதுக்குப் பொருத்தமான ஓட்டை வழியா உள்ள இறங்கும், நீங்க அப்ப தலையங்கம் படிச்சுக்கிட்டு இருப்பீங்க.

அந்தக் காலத்துல இதுக்குன்னே "கிளிக் பண்ணா ஓடு"ன்னு ஒரு வசதி கொண்டு வந்தாங்க. பிளக்இன் தானா ஓடாது, அந்தக் கட்டத்தை நீங்க தட்டினாத்தான் ஓடும். முழுசா எடுக்க மனசு வராதவங்களுக்கு அருமையான நடுவழி அது. 2015 ஜூலையில ஹேக்கிங் டீம்னு ஒரு இத்தாலி கம்பெனி, அரசாங்கங்களுக்கு உளவு சாஃப்ட்வேர் விக்கிற கம்பெனி, அதையே யாரோ ஹேக் பண்ணிட்டாங்க. அவங்க ரகசியமா வெச்சிருந்த ஃப்ளாஷ் ஓட்டையெல்லாம் வெளிய கொட்டிடுச்சு, உடனே ஃபயர்பாக்ஸ்காரங்க யாரையும் கேக்காம அத்தனை ஃப்ளாஷையும் தற்காலிகமா அணைச்சு வெச்சாங்க. அப்ப "என்னைக் கேக்காம எப்படி அணைக்கலாம்"னு சண்டை போட்டவங்கள்ல நானும் ஒருத்தன். வெக்கமாத்தான் இருக்கு இப்ப நெனச்சா.

இன்னிக்கு நீங்க புது குரோமோ எட்ஜோ ஃபயர்பாக்ஸோ வெச்சிருந்தா அந்தப் பழைய பிளக்இன் ஆபத்து தானாவே போயாச்சு, சில்வர்லைட்டும் 2021 அக்டோபரோட சரி. உங்களுக்கு வேலை ரெண்டுதான், பிரவுசர் அப்டேட் கேட்டா "அப்புறம்"னு தள்ளாதீங்க, அடுத்த கேள்வியைப் படிங்க.

கேள்வி: பிளக்இன், எக்ஸ்டென்ஷன் ரெண்டும் ஒண்ணா? என் குரோம்ல எண்ணிப் பார்த்தேன், 23 எக்ஸ்டென்ஷன் இருக்கு. பாதி எப்ப போட்டேன்னே ஞாபகம் இல்ல. எல்லாமே குரோம் ஸ்டோர்ல இருந்து எடுத்ததுதான், நல்ல ஸ்டார் ரேட்டிங் உள்ளது. அப்புறமும் பயப்படணுமா? – ஐடி ஊழியர், சென்னை

பதில்: 23! உங்க வீட்டுச் சாவியை 23 பேர்கிட்ட கொடுத்திருக்கீங்க, பாதிப் பேர் முகமே ஞாபகம் இல்லைங்கிறீங்க.

ரெண்டும் ஒண்ணு இல்ல. பழைய பிளக்இன்ங்கிறது வீட்டுக்குப் பின்னாடி தனியாக் கட்டின ஷெட் மாதிரி, அதுக்குன்னு தனிக் கதவு, அதுல யாரு வர்றா போறான்னு பிரவுசருக்கே தெரியாது. எக்ஸ்டென்ஷன் அப்படி இல்ல, பிரவுசருக்குள்ளயே, பிரவுசர் சொன்ன சட்டத்துக்குள்ளதான் இருக்கும், கம்ப்யூட்டர்ல இருக்கிற ஃபைலை அவ்வளவு சுலபமாத் தொட முடியாது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க, உங்க ஹார்டு டிஸ்க்ல என்ன இருக்கு, பழைய கல்யாண போட்டோ. உங்க மெயில், பேங்க், ஆபீஸ் வேலை, எல்லாம் எங்க இருக்கு? பிரவுசர்ல. "எல்லா வெப்சைட்லயும் உங்க டேட்டாவைப் படிக்கவும் மாத்தவும்" அனுமதி கேட்குதே எக்ஸ்டென்ஷன், நாமளும் ஓகே ஓகேன்னு தட்டுறோமே, அதுக்கு அர்த்தம் எழுத்துக்கு எழுத்து அதுதான். ஓடிபி அடிக்கிற கட்டம் உட்பட.

ஸ்டார் ரேட்டிங் பத்திக் கேட்டீங்க. தி கிரேட் சஸ்பெண்டர்னு ஒரு எக்ஸ்டென்ஷன், டேப் நிறையத் திறந்து வெச்சு கம்ப்யூட்டர் மூச்சு வாங்குறவங்களுக்கு வரப்பிரசாதம், சும்மா கிடக்கிற டேபைத் தூங்க வெச்சுடும், 20 லட்சத்துக்கு மேல ஆளுங்க போட்டிருந்தாங்க, ரேட்டிங்கும் பிரமாதம். செஞ்சவர் 2020 ஜூன்ல அதை யாருக்கோ வித்துட்டாரு. யாருக்குன்னு யாருக்கும் தெரியல. எக்ஸ்டென்ஷனை வித்தா கூடவே அந்த 20 லட்சம் பேரும் சேர்ந்துதான் கை மாறுவாங்க, அப்டேட் தானா இறங்கும், உங்ககிட்ட யாரும் கேக்கப் போறதில்ல. 2021 பிப்ரவரியில கூகுள் இதுல மால்வேர், அதாவது திருட்டு சாஃப்ட்வேர், இருக்குன்னு சொல்லி எல்லார் கம்ப்யூட்டர்லயும் அணைச்சுது, தூங்க வெச்ச டேப் எல்லாம் போச்சேன்னு ஜனங்க அழுதது தனிக்கதை. ஸ்டார் கொடுத்தவங்க யாரும் பொய் சொல்லல, அவங்க கொடுத்தது பழைய முதலாளிக்கு.

விக்கக் கூட வேண்டாம். 2024 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சைபர்ஹேவன்னு ஒரு கம்பெனியோட ஊழியருக்கு ஒரு மெயில் வருது, "உங்க எக்ஸ்டென்ஷன் குரோம் ஸ்டோர் விதியை மீறுது, தூக்கிடுவோம்"னு. பதறிப் போய் கிளிக் பண்ணி அனுமதி கொடுத்துட்டாரு, மறுநாள் சுமார் நாலு லட்சம் பேர் வெச்சிருந்த அந்த எக்ஸ்டென்ஷன்ல திருட்டு கோடு சேர்ந்து அப்டேட்டா இறங்கிடுச்சு. பண்டிகை நேரம் பார்த்துத்தான் வந்திருக்கானுங்க. இதுல கொடுமை என்னன்னா அந்தக் கம்பெனியோட தொழிலே, டேட்டா திருடு போகாமப் பாத்துக்கிறது. அதே சமயத்துல இன்னும் முப்பதுக்கு மேற்பட்ட எக்ஸ்டென்ஷன்களும் மாட்டியிருந்துச்சு. அதுக்கும் முன்னாடி 2019ல, படத்தைப் பெருசாக்கிக் காட்டுற மாதிரி சின்னச் சின்ன வேலை செய்யுற எட்டு எக்ஸ்டென்ஷன், சுமார் 40 லட்சம் பேர் எந்தெந்தப் பக்கம் போறாங்கங்கிறதைக் கறந்து வித்துக்கிட்டு இருந்தது வெளிய வந்துச்சு, அதுல வரிக் கணக்கு, மருத்துவ விவரம்னு தனிப்பட்ட பக்கங்களோட லிங்க்கும் இருந்துச்சு.

அதனால "இது நல்லதா கெட்டதா"ன்னு ஒவ்வொண்ணையும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு உக்காராதீங்க, இன்னிக்கு நல்லதா இருக்கிறது நாளைக்கு யார் கையிலன்னு உங்களால கண்டுபிடிக்க முடியாது. நான் கேக்குறது வேற, போன மாசம் இதை நான் தொட்டேனா? தொடலைன்னா அணை. எடுக்கணும்னு இல்ல, குரோம்ல வலது மேல் மூலையில மூணு புள்ளி, அதுல எக்ஸ்டென்ஷன்ஸ், மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ், ஒவ்வொண்ணுக்கும் ஒரு சுவிட்ச், அதை நீலத்துல இருந்து சாம்பலுக்குத் தள்ளினா போதும். 23ல ஒரே மூச்சுல 20ஐ அணைச்சுட்டு உங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க. எது இல்லாம கை ஒடிஞ்ச மாதிரி இருக்கோ அதை மட்டும் திருப்பிப் போடுங்க. ரெண்டு வாரம் கழிச்சும் தேடாததை எடுத்துடுங்க.

திருப்பிப் போட்டதுல கூட, டீட்டெய்ல்ஸ் பட்டனைத் தட்டினா சைட் ஆக்சஸ்னு ஒண்ணு இருக்கும், "எல்லா சைட்லயும்"னு இருக்கிறதை "கிளிக் பண்ணும்போது"ன்னு மாத்துங்க, இல்ல குறிப்பிட்ட சைட் பேரை மட்டும் கொடுங்க. கலர் எடுக்கிற டூல், இலக்கணம் பாக்குற டூல் இதுக்கெல்லாம் உங்க பேங்க் பக்கத்துல என்ன வேலை? பேங்குக்குன்னு தனியா ஒரு குரோம் புரொஃபைல் போட்டு அதுல ஒரு எக்ஸ்டென்ஷன் கூட இல்லாம வெச்சுக்கிட்டா இன்னும் நிம்மதி. நீங்க ஐடி வேற, ஆபீஸ் லேப்டாப்ல இதையெல்லாம் போட்டிருந்தீங்கன்னா அது உங்க டேட்டா மட்டும் இல்ல, கிளையன்ட் டேட்டாவும்தான், உங்க செக்யூரிட்டி டீம் கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே சுத்தம் பண்ணிடுங்க.

கேள்வி: நான் பாமினி கீபோர்ட் முறையிலதான் டைப் அடிச்சுப் பழகினனான். பிரவுசரில தமிழ் எழுதுறதுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டு வைச்சிருக்கிறன். நான் அடிக்கிறதெல்லாம் அதுக்குத் தெரியும்தானே, பாஸ்வேர்ட்டும் தெரியுமோ? – யாழ்ப்பாண வாசகர்

பதில்: தெரியும். எல்லாப் பக்கத்துலயும் வேலை செய்யற தட்டச்சு எக்ஸ்டென்ஷன்னா நீங்க அழுத்துற எழுத்தைப் பிடிச்சு தமிழாக்கித் தர்றதுதான் அதோட பிழைப்பு, பிடிக்காம எப்படி மாத்தும்? நல்லவங்க செஞ்சதுன்னா பாஸ்வேர்ட் கட்டத்துல ஒதுங்கிக்கும், ஒதுங்கணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்ல. தமிழ்க்காரங்க நாம இந்த விஷயத்துல மத்தவங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாவே கதவைத் திறந்து வெச்சிருக்கோம், தமிழ்ல ஒரு கமென்ட் போடணுங்கிற ஆசையில எவனோ செஞ்ச டூலைப் போட்டுட்டு மறந்துடுறோம்.

விண்டோஸ்லயே தமிழ் இருக்குங்க. தமிழ் 99, அஞ்சல், அப்புறம் அம்மான்னு ஆங்கில எழுத்துல அடிச்சா தமிழ் வர்ற ஒலிப்பு முறை, எல்லாமே செட்டிங்ஸ்ல மொழிப் பகுதிக்குப் போனா சேத்துக்கலாம். உங்க சங்கடம் எனக்குப் புரியுது, பாமினிக்குப் பழகின விரல் வேற எதுக்கும் வராது. அப்படின்னா இ-கலப்பைங்கிற தமிழ் தட்டச்சு சாஃப்ட்வேர் மாதிரி ஒண்ணைப் பாருங்க, அதுல பாமினி இருக்கு, புரோக்ராம் கோடு பூராவும் வெளிப்படையா இருக்கு, யாரு வேணும்னாலும் பிரிச்சுப் பாக்கலாம். அதுவும் நீங்க அடிக்கிற எழுத்தைப் பாக்குற ஆள்தான், அதனால கண்ட டவுன்லோட் சைட்டுல இருந்து எடுக்காம செஞ்சவங்களோட பக்கத்துல இருந்தே எடுங்க. பேங்க் பக்கம் திறக்கிறப்ப அதை அணைச்சுடுங்க, பாஸ்வேர்டை யாரும் பாமினியில வைக்கிறதில்லையே.

கேள்வி: பஸ் ஸ்டாண்டு பக்கம் ப்ரவுசிங் சென்டர் வெச்சிருக்கேன். வர்ற பசங்க எதையாவது போட்டுட்டுப் போயிடுறானுங்க. ஒரு மிஷின்ல எக்ஸ்டென்ஷனை எடுக்கப் போனா ரிமூவ் பட்டனே இல்ல, "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது"ன்னு வருதுண்ணே. எனக்கு ஏது நிறுவனம்? – மதுரை வாசகர்

பதில்: உங்க நிறுவனம் யாருன்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க. பெரிய கம்பெனியில ஆயிரம் கம்ப்யூட்டருக்கு ஒரே எடத்துல இருந்து உத்தரவு போடுறதுக்காக குரோம்ல பாலிசின்னு ஒரு வசதி வெச்சிருக்காங்க. அதே வசதியை வைரஸ்காரனும் பயன்படுத்தி எக்ஸ்டென்ஷனை ஆணி அடிச்சு வெச்சுடுவான். சில ஆன்டிவைரஸ் போட்டாலும் இந்த வரி வரும், அதனால வரியைப் பார்த்த உடனே அலற வேண்டாம், ஆனா உங்க மிஷின்ல ரிமூவ் பட்டனே இல்லாம முன்ன பின்ன தெரியாத எக்ஸ்டென்ஷன் இருக்குன்னா சந்தேகமே வேண்டாம். அதை ஒவ்வொண்ணாத் தேடி எடுக்கலாம், ஆனா ஜனங்க ஆதார் நம்பர், பேங்க் பாஸ்வேர்ட்னு அடிக்கிற மிஷின் அது, நானா இருந்தா ஃபார்மேட் பண்ணி விண்டோஸைப் புதுசாப் போட்டுடுவேன், ஒரு மணி நேர வேலை.

போட்டப்புறம் அட்மின் பாஸ்வேர்டை நீங்க வெச்சுக்கிட்டு, வர்றவங்களுக்கு சாதா யூசர் கணக்குல, குரோம் கெஸ்ட் விண்டோவை மட்டும் திறந்து கொடுங்க. கெஸ்ட்ல எக்ஸ்டென்ஷன் எதுவும் ஓடாது, புதுசாப் போடவும் முடியாது, மூடினா அவங்க லாகின் பண்ணது, பாத்தது எல்லாம் அழிஞ்சுடும். லாக்அவுட் பண்ண மறந்துட்டுப் போறவங்களுக்கும் அதான் நல்லது.

கேள்வி: பேங்க் பக்கத்தை பிடிஎஃபா சேமிக்க ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டிருக்கேன், வெச்சுக்கலாமா? – தஞ்சாவூர் வாசகி

பதில்: கன்ட்ரோலும் பி எழுத்தும் சேர்த்து அழுத்துங்க, பிரிண்டர்னு இருக்கிற எடத்துல "சேவ் ஆஸ் பிடிஎஃப்" தேர்ந்தெடுங்க. எக்ஸ்டென்ஷனை எடுத்துடுங்க. பிடிஎஃப் திறந்து பாக்குறதுக்கும் தனி பிளக்இன் தேவையில்ல, குரோமும் ஃபயர்பாக்ஸும் பத்து வருஷத்துக்கு மேலா தானே திறக்குது.

கேள்வி: ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றீங்களே, உங்க பிரவுசர்ல எத்தனை? – பெயர் போட வேண்டாம்னு எழுதிய வாசகர்

பதில்: ரெண்டுன்னு சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். விளம்பரத்தைத் தடுக்க ஃபயர்பாக்ஸ்ல யூபிளாக் ஆரிஜின், அப்புறம் பாஸ்வேர்ட் மேனேஜர். எதுக்கும் பார்த்துடுவோமேன்னு திறந்தா மூணாவதா ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கிற எக்ஸ்டென்ஷன், எல்லா சைட்டுக்கும் அனுமதியோட, ஜம்முன்னு உக்காந்திருக்கு. எப்பவோ ஒரு கட்டுரைக்குப் படம் எடுக்கப் போட்டது. அணைச்சு அஞ்சு நாளாச்சு, இன்னும் நான் அதைத் தேடல.